மறு: காற்றாலை ‘கர்ட்டெயில்மென்ட்’ – ‘மறிப்பு’ சரியாக வருமா?

அனைவருக்கும் வணக்கம்.

காற்று அடிக்கும்போதே காற்றாலையை நிறுத்தவோ குறைக்கவோ சொல்வதை ஆங்கிலத்தில் ‘கர்ட்டெயில்மென்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இந்த இழையில் இதுவரை மின்வெட்டு, மின்குறைப்பு, மறுகால் (குளம் நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் வழி) என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒரு சிறிய காற்றாலைத் தொகுதியில் வேலை பார்க்கிறவன். இந்தச் சொல் எங்கள் நோட்டில் தினமும் தேவைப்படுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது 250 கிலோவாட் இயந்திரங்கள் பத்து. மொத்தம் 2.5 மெகாவாட். ஆனி, ஆடியில் காற்று கணவாய்க்குள் புகுந்துவிட்டால் ராத்திரி பகல் தெரியாது. அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் துணைமின் நிலையத்திலிருந்து போன் வரும்: “அண்ணாச்சி, மேலேருந்து பேக்டவுன் சொல்லியாச்சு, ஃபீடர ஆஃப் பண்ணுதோம்.” பேக்டவுன் என்றால் உற்பத்தியைக் குறை என்று பொருள்; ஃபீடர் எங்களைத் துணைமின் நிலையத்தோடு சேர்க்கும் கம்பி. அடுத்த நிமிடம் இறக்கை நுனிகள் திரும்பிக்கொள்ளும், பிரேக் பிடிக்கும், கோபுரத்தின் அடியில் பிரேக் கட்டை தேயும் வாடை வரும். காற்று மட்டும் அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும். பழைய இயந்திரங்கள் காந்தமேறுவதற்கு வேண்டிய மின்னோட்டத்தையே கிரிட் என்கிற மின்தொகுப்பிலிருந்துதான் எடுக்கின்றன. அதனால் ஃபீடர் போனால் பக்கத்து ஊருக்கு மட்டுமாவது தரலாம் என்றாலும் முடியாது.

அப்புறம் நோட்டு. ஷிப்டில் இருக்கும் தம்பி “கிரிட் இல்லை” என்று எழுதுவான். லைன் மேல் பனைமட்டை விழுந்தாலும் அதையேதான் எழுதுவான். மாதக் கடைசியில் இரண்டும் ஒரே கணக்கில் கலந்துவிடும். முழுக்காற்றில் ஆறு மணி நேரம் நின்றால் 15,000 யூனிட். அது எதனால் போனது என்பதற்குப் பெயர் இல்லாததால் கேட்கவும் வழியில்லை. எனக்குத் தனிச்சொல் வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

இனி, வந்த சொற்கள்.

> ‘மின்வெட்டு’ எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே, அதையே நீட்டிக்கொள்ளலாமே.

ஐயா, அது எதிர்த் திசையில் போகிற சொல். மின்சாரம் போதாதபோது வாங்குகிறவருக்கு நிறுத்துவது மின்வெட்டு. இங்கே மின்சாரம் மிஞ்சும்போது, அல்லது கொண்டுபோகக் கம்பித்தடம் போதாதபோது, தருகிறவரை நிறுத்துகிறார்கள். ‘காற்றாலைகளுக்கு மின்வெட்டு’ என்று பத்திரிகையில் வந்தால் எங்கள் ஆபீஸில் விளக்கு அணைந்துவிட்டது என்றுதான் படிப்பார்கள்.

மின்குறைப்பு தப்பில்லை, ஆனால் யார் குறைத்தது என்பது அதில் இல்லை. காற்று விழுந்தாலும் குறையும். அதுவும் கொஞ்சமாக விழாது. காற்றின் வேகம் பாதியானால் அதிலிருந்து எடுக்கக்கூடிய ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும்.

மறுகால் எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் மறுகால் பாயும் தண்ணீர் குளத்துக்குள் வந்த தண்ணீர். அடுத்த குளத்துக்குப் போய்ச் சேரும். நிறுத்தப்பட்ட காற்றாலையில் மின்சாரம் பிறக்கவே இல்லை. மறுகாலை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளலாம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தால் தென்னகத் தொகுப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது. பிறகு சத்தீஸ்கரின் ராய்கருக்கும் நம் தமிழ்நாட்டுப் புகளூருக்கும் இடையே 6,000 மெகாவாட் நேர்மின்னோட்டத் (டிசி) தடம் வந்தது. காற்றுக் காலத்தில் நம் உபரி வடக்கே போவதுதான் உண்மையான மறுகால்.

என் முன்மொழிவு: உற்பத்தி மறிப்பு. சுருக்கமாக, மறிப்பு.

ஓடையை மறிப்போம், ஆட்டை மறிப்போம், வண்டியை மறிப்போம். வந்துகொண்டிருப்பதைத்தான் மறிக்க முடியும்; நிற்கிற வண்டியை யாரும் மறிப்பதில்லை. அதனால் காற்றில்லாத நாளுக்கோ பழுதான இயந்திரத்துக்கோ இந்தச் சொல் தவறியும் பொருந்தாது. மறிக்கிற கை ஒன்று இருக்கிறது என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. முதலில் ‘மின்மறிப்பு’ என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் ‘மின்மறுப்பு’ வேறு பொருளில் இருக்கிறது, ஓரெழுத்துதான் வித்தியாசம். அதனால் விட்டுவிட்டேன்.

சொல் கிளைக்கவும் செய்கிறது. மறிப்பு ஆணை, மறிபட்ட யூனிட் எல்லாம் இயல்பாக வருகின்றன. இறக்கையைத் திருப்பி உற்பத்தியைப் பாதியாக்க முடிகிற புது இயந்திரங்களுக்குப் பகுதி மறிப்பு. எங்களுடையது போன்றவற்றுக்கு முழு மறிப்பு. காரணத்தைச் சொல்ல இரண்டு அடைமொழி போதும். தடத்தில் இடமில்லை என்றால் தட மறிப்பு. ராத்திரியில் தேவை குறைந்து, அனல் நிலையங்களையும் ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாமல், தொகுப்பில் மின்சாரம் மிஞ்சி அதிர்வெண் 50.05 ஹெர்ட்ஸைத் தாண்டினால் மிகை மறிப்பு.

இதற்கு வெளியேயும் ஒன்று உண்டு. காற்றுமின்சாரத்தை வாங்குவதைவிட வேறிடத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக நிறுத்துவது. இதை விலை மறிப்பு என்பேன். 2021 அக்டோபரில் வந்த மத்திய அரசு விதிகள், தொகுப்பின் பாதுகாப்புக்காகவோ தொழில்நுட்பத் தடையாலோ காற்றாலையை நிறுத்தலாம், வணிகக் காரணத்துக்காக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வாங்குகிறவர் இழப்பீடு தர வேண்டும் என்கின்றன. ஆக, தட மறிப்பா விலை மறிப்பா என்பது ஒரு சிறு காற்றாலைக்குச் சோற்றுப் பிரச்சினை. 2.5 மெகாவாட் நாட்டின் தொகுப்பில் ஒரு துளிதான். ஆனால் கணவாய் முழுக்க இப்படிப்பட்ட துளிகள்தான் நிற்கின்றன, போன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது.

‘மறிபட்ட’ என்பதா, ‘மறித்த’ என்பதா என்பதில் மட்டும் எனக்குத் தெளிவில்லை. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். மன்னார்ப் பக்கத்து நண்பர்கள் அங்கே காற்றாலையில் இதை என்னவென்று சொல்கிறார்கள் என்றும் எழுதுங்கள். நான் நாளைக்கே நோட்டில் ‘மறிப்பு’ என்று தனிப் பத்தி ஒன்று கோடு போட்டுவிடுகிறேன்.