ஆக்கூர் வீடு குழு: தாத்தா போன பாதை

புதன், இரவு 8.10

பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை அப்பாவின் தலைத்திவசம். ஐயர் காலை எட்டு மணிக்கு வருகிறார், அதில் மாற்றம் இல்லை. மறுநாள் ஞாயிறுக்கு எனக்கு ஓர் ஆசை. அப்பா முப்பது வருடம் தபால் பையோடு சுற்றிய கடற்கரையைப் பிள்ளைகளோடு சுற்றி வரவேண்டும். பூம்புகாரிலிருந்து சின்னங்குடி வரை சைக்கிள். அங்கிருந்து தரங்கம்பாடிக்குக் கடலோரமாக நடை.

கார்த்தி: வருகிறேன்ப்பா

கயல்: நானும்

பாபு சித்தப்பா: ம்

செல்வி அத்தை: சனிக்கிழமை இலை எத்தனை? முதலில் அதைச் சொல்லுங்கள் அண்ணே.

அருண் அத்தான்: எவ்வளவு தூரம் பெரிய மாமா?

பெரியப்பா: பூம்புகாரிலிருந்து தரங்கம்பாடிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். நாம் முழுவதும் சாலையில் போகப் போவதில்லை. இருட்டோடு வேனில் கிளம்பி, சூரியன் கடலிலிருந்து எழும்போது காவிரி கலக்கும் இடத்தில் நிற்கவேண்டும். ஆறரை மணி சுமாருக்கு உதயம். பிறகு சைக்கிள். தை மாதம் வாடை இன்னும் வீசும். வடக்கிலிருந்து தெற்கே போனால் காற்று முதுகைத் தள்ளும், அதனால்தான் பூம்புகாரில் தொடங்கச் சொல்கிறேன். திரும்பி மிதித்தால் நெஞ்சில் அடிக்கும். அப்பா போகும்போது அரை மணி, வரும்போது ஒரு மணி என்பார்.

மீனா சித்தி: காவிரியில் தண்ணீர் இருக்குமா? நிலா குளிக்கவேண்டும் என்கிறாள்.

பெரியப்பா: மேட்டூரை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். பிறகு முகத்துவாரத்தில் ஓட்டம் குறைந்து மணல் மேடிடும். கால் நனைக்கலாம். குழந்தையைக் கடலில் இறக்கவேண்டாம் மீனா, அங்கே அலை இழுக்கும்.

மீனா சித்தி: சரிங்க அத்தான்

கார்த்தி: சைக்கிள் எத்தனை இருக்கிறது?

அருண் அத்தான்: என்னுடையது கோயம்புத்தூரில். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள்.

கயல்: என்னிடம் ஒன்று. பக்கத்து வீட்டில் ஒன்று கேட்டிருக்கிறேன்.

செல்வி அத்தை: பாபுவிடம் அப்பா சைக்கிள் இருக்கிறதே.

இரவு 8.41

செல்வி அத்தை: பாபு படித்துவிட்டான். இரண்டு நீல டிக் தெரிகிறது.

கார்த்தி: சின்னங்குடியில் சைக்கிளை விட்டுவிட்டு நடந்தால், சைக்கிள் எப்படி வீடு வரும்?

கயல்: குட்டியானை சொல்லலாம். நெல் ஏற்றுகிற அண்ணனிடம் கேட்கிறேன்.

கார்த்தி: இப்போது அறுப்பு நேரம், வண்டி கிடைக்காது

பெரியப்பா: நல்ல வேளை அறுப்பைச் சொன்னாய். சம்பா அறுவடை நடக்கிறது. பாதிச் சாலையில் நெல் காய்கிறது, மீதியில் வைக்கோல். வைக்கோல் மேல் சைக்கிளை விடாதீர்கள், செயினிலும் ஃப்ரீவீலிலும் சுற்றிக்கொள்ளும். காயும் நெல்லின் மேலும் ஏற்றக்கூடாது, அது ஒருவருடைய வருடம். கடலோரச் சந்துகளில் சீமைக்கருவை முள் கிடக்கும். பம்பு, பங்க்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒரு பழைய டியூப் கட்டாயம். ஈர மணலில் ஓட்ட ஆசைப்படவேண்டாம். உப்பு செயினைத் தின்றுவிடும். வீடு வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் விடவேண்டும். அப்பா தினமும் செய்தார்.

அருண் அத்தான்: குறித்துக்கொண்டேன்

மாமா: அனுப்பப்பட்டது: உலகிலேயே ஓசோன் காற்று அதிகம் வீசும் கடற்கரை தரங்கம்பாடி!! ஒரு நாள் சுவாசித்தால் நுரையீரல் சுத்தமாகும்!! பத்துப் பேருக்குப் பகிரவும்

கயல்: மாமா, ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். மேலே வானத்தில் இருந்தால்தான் நமக்கு நல்லது. கடல் வாசனை ஓசோன் இல்லை, கடலில் உள்ள நுண்பாசியும் பாக்டீரியாவும் வெளிவிடும் கந்தக வாயுவின் வாசனை. ஆனால் காற்று சுகமானதுதான்.

மாமா: அப்படியா. சரிம்மா. எனக்கு அந்தக் காற்றில் தூக்கம் நன்றாக வரும். தரங்கம்பாடி வரை வந்துவிட்டு அப்படியே தெற்கே கொஞ்சம்...

செல்வி அத்தை: நண்டலாறு தாண்டிக் காரைக்கால் மதுக்கடைப் பக்கம் போகக்கூடாது.

கார்த்தி: மாமா, தீர்ப்பு வந்துவிட்டது

மாமா: கோயிலுக்குத்தான் சொன்னேன் செல்வி

மீனா சித்தி: ஞாயிறு மதியம் என்ன சாப்பாடு? திவசத்துக்கு மறுநாள் கவிச்சி உண்டா?

செல்வி அத்தை: கிடையாது. புளிசாதம், உருளைக்கிழங்கு.

பாபு சித்தப்பா: அப்பா மீன் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதே இல்லை.

செல்வி அத்தை: இதற்கு மட்டும் வாய் திறக்கிறாய்.

கயல்: பெரியப்பா, நடக்கிற பாதையைச் சொல்லுங்கள்

பெரியப்பா: சொல்கிறேன். சின்னங்குடியிலிருந்து இடதுகைப் பக்கம் கடல், வலதுகைப் பக்கம் சவுக்கும் தாழையும். மணலில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அலை நனைத்துவிட்டுப் போன கெட்டி மணலில் நடந்தால் கால் வலிக்காது. இது பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம். துடுப்பு இழுத்த தடம் தெரிந்தால் அதை மிதிக்காமல் விலகிப் போகவேண்டும், மணலைக் கிளறக்கூடாது. தரங்கம்பாடியில் முதலில் மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. அப்பா அங்கே சைக்கிளை நிறுத்தி வெற்றிலை போடுவார். அதற்குப் பிறகு டேனிஷ் கோட்டை. ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-ல் வந்தார்கள், 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் இறங்கியதும் இந்தக் கரையில்தான். இங்கே அச்சுக்கூடம் வைத்துத் தமிழில்

பெரியப்பா: கை பட்டுப் போய்விட்டது. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அந்த ஊருக்குத்தான் அப்பா கடிதம் கொண்டு போனார் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

கார்த்தி: அங்கே போய்ச் சொல்லுங்கள்ப்பா, நிலாவும் கேட்கட்டும்

அருண் அத்தான்: அம்மா, நீ வருகிறாய்தானே?

இரவு 9.26

செல்வி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி அத்தை: நான் திவசத்துக்கு வருகிறேன். கடற்கரைக்கு வரவில்லை. 2004-க்குப் பிறகு நான் அலையைப் பார்த்ததில்லை. எல்லோருக்கும் தெரியும்.

மீனா சித்தி: தெரியும் அண்ணி

நிலா (மீனா சித்தி போனில்): அத்தை ஏன் வரவில்லை?

பெரியப்பா: நிலா, நீ பிறப்பதற்கு முன்னால் 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்தது. நம் அத்தையின் சிநேகிதி மல்லிகா சின்னங்குடியில் இருந்தாள். அப்போது தாத்தா ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எந்த வீட்டில் யார் யார் என்று முழுக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கரையில் கிடத்தியிருந்தவர்களுக்குப் பெயரும் அப்பன் பெயரும் தெருவும் சொன்னார், அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள். நான்கு நாள் வீட்டுக்கு வரவில்லை. மல்லிகாவின் பெயரையும் அவர்தான் சொன்னார். இதைச் செல்வியிடம் அப்பா சொன்னதில்லை. என்னிடம் சொன்னார். நானும் இத்தனை வருடம் சொல்லவில்லை.

இரவு 9.50

செல்வி அத்தை: யாரோ ஊர்க்காரர் அடையாளம் காட்டினார் என்றுதான் அப்பா சொன்னார்.

பெரியப்பா: ஆமாம் செல்வி.

கயல்: அத்தை, போன் பண்ணட்டுமா?

செல்வி அத்தை: வேண்டாம்மா. அடுப்பில் பால் இருக்கிறது.

வியாழன், காலை 6.05

மாமா: காலை வணக்கம். உங்கள் அத்தை இரவு தூங்கவில்லை. தரங்கம்பாடி வரை வேனில் வருகிறாளாம். மணலில் இறங்குவது அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். யாரும் கேட்கவேண்டாம்.

கார்த்தி: சரி மாமா

கயல்: கேட்க மாட்டோம். குட்டியானை கிடைத்துவிட்டது, வாடகை மட்டும் பேசவில்லை.

மீனா சித்தி: புளிசாதம் எத்தனை பேருக்கு அண்ணி? பன்னிரண்டா பதிமூன்றா?

பாபு சித்தப்பா: (படம்)

பாபு சித்தப்பா: அப்பா சைக்கிள். நேற்று ராத்திரி இறக்கினேன். இரண்டு டியூபும் புதிது. டைனமோ எரிகிறது. கேரியரில் பை கட்டுகிற வார் அப்படியே இருக்கிறது, அதை மாற்றவில்லை. அருண் வந்ததும் ஓட்டிப் பார்க்கட்டும்.

அருண் அத்தான்: சின்ன மாமா, நன்றி

செல்வி அத்தை: ஞாயிறுக்கு மட்டுமா, எப்போதைக்குமா பாபு?

பாபு சித்தப்பா: ஞாயிறு வரட்டும் அக்கா

செல்வி அத்தை: சீட்டை இறக்காதே. அப்பா உயரத்துக்கே இருக்கட்டும்.

மீனா சித்தி: பதிமூன்று என்று போட்டுவிடுகிறேன்