தாங்கியில் கட்டிய என்சைம் (திரும்பத் திரும்பப் பயன்படுத்த மணி மாதிரி திடப்பொருளில் நிறுத்தியது): உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கடைசிபெஞ்ச்_பயோடெக்
எம்.எஸ்சி. புராஜெக்ட். ஸ்டார்ச்சை உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் என்சைமை ஆல்ஜினேட்டில் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசை, கால்சியம் பட்டால் இறுகும்) கலந்து, சிரிஞ்சால் கால்சியம் குளோரைடில் சொட்டுச் சொட்டாக விட்டோம். பொறுக்கி எடுத்து அழகு பார்க்கிற மாதிரி உருண்டைகள். சீனியர்கள் விட்டுப்போன ஜெராக்ஸ் தாளில் இருந்தபடியே பி.எச். 6.9 பாஸ்பேட் பஃபரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று. காலையில் பீக்கரில் ஜவ்வரிசிக் கஞ்சி. கரண்டியால் கிளறினால் ஒரு முழு மணிகூட அகப்படவில்லை. கைடு எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கைட்டோசான்_ரசிகை
பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கொண்டால் ஆல்ஜினேட் கரையாமல் என்ன செய்யும்? அது போகட்டும், நீங்கள் செய்தது அடைத்து வைப்பது. தாங்கியோடு வேதிப் பிணைப்பு போட்டு ஒட்டுவது வேறு. எங்கள் லேபில் கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது) மணிகளை, என்சைமைப் பிணைக்கும் குளூட்டரால்டிஹைடில் ஊறவைப்போம்; மஞ்சள் பழுப்பாக மாறினால் பாதி நிம்மதி. ஒருமுறை யாரோ என்சைமை டிரிஸ் பஃபரில் கரைத்து வைத்திருந்தார்கள். ஆல்டிஹைடு என்சைமில் பிடிப்பது அமீனைத்தான்; டிரிஸிலேயே அமீன் இருக்கிறது, ஆல்டிஹைடு முழுக்க அதோடு ஒட்டிக்கொண்டது. கழுவிய நீரில் பிராட்ஃபோர்ட் (புரதம் இருந்தால் நீலமாகும் சாயம்) விட்டதும் பளிச்சென்று நீலம். வாங்கிய என்சைம் அத்தனையும் அந்தத் தண்ணீரில். டிரிஸ் போட்டது யார் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

நைட்_ஷிப்ட்
நான் மருந்துத் தொழிற்சாலை. பெனிசிலின் ஜி-யை உடைக்கும் அசைலேஸ் என்சைமை வைத்து 6-ஏ.பி.ஏ. தயாரிப்பு; மற்ற பெனிசிலின் மருந்துகளுக்கு அதுதான் மூலப்பொருள். வினை ஓட ஓட ஃபினைல் அசிட்டிக் அமிலம் வரும், பி.எச். இறங்கும், காரம் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ராத்திரி அடிச் சல்லடை அடைத்துக்கொண்டது, கலவை வடியவே இல்லை. திறந்து பார்த்தால் கலக்கி இறக்கை மணிகளை அரைத்து மாவாக்கியிருக்கிறது. என்சைமுக்கு உயிர் இருந்தது, தாங்கிதான் போய்விட்டது. பேப்பர்களில் இதை யாரும் எழுதுவதில்லை.

பழைய_லேப்காரர்
கைட்டோசான் அம்மணி, பிணைப்பு போட்டால்தான் ஒட்டுவதா? 1916-லேயே நெல்சனும் கிரிஃபினும் சர்க்கரையை உடைக்கும் இன்வர்டேஸைக் கரியில் ஏற்றி, அது வேலை செய்வதைக் காட்டிவிட்டார்கள். 1969-ல் ஜப்பானின் தனாபே கம்பெனி அமினோஅசைலேஸ் என்சைமை டி.இ.ஏ.இ.-செஃபடெக்ஸ் என்ற மின்னேற்றமுள்ள தாங்கியில் வெறும் மின்னேற்றப் பிடிப்பில் நிறுத்தியே தொழிற்சாலை ஓட்டியது. வீரியம் குறைந்தால் அதே தாங்கியில் புது என்சைமை ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் குளூட்டரால்டிஹைடில் அது முடியுமா?

இன்னொன்று, எல்லோருக்கும். '60 டிகிரியில் வைத்தும் செயல்திறன் குறையவில்லை' என்று குதிக்காதீர்கள். மணிக்குள் என்சைம் மிதமிஞ்சி இருந்தால், வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே ஊடுருவி வரும் சப்ஸ்ட்ரேட்தான் (என்சைம் வேலை செய்யும் பொருள்). பாதி என்சைம் செத்தாலும் மீட்டரில் முழுசாகத் தெரியாது. அதை நிலைத்தன்மை என்று தீசிஸில் எழுதிவிடுவார்கள், வைவாவில் நான் மாட்டிவிடுவேன். கொஞ்சம் மணியை நொறுக்கி அளந்து பாருங்கள். வேகம் எகிறினால் விஷயம் புரிந்துவிடும். ஏற்றும் என்சைமைக் குறைத்தும் ஒருமுறை ஓட்டுங்கள். அதிலும் ஸ்டார்ச் மாதிரி பெரிய மூலக்கூறு ஆல்ஜினேட்டுக்குள் நுழையவே திணறும். அமைலேஸை அதில் அடைக்கச் சொன்னது யார்?

கடைசிபெஞ்ச்_பயோடெக்
ஐயா, அறிவுரை கேட்கவில்லையே. அடைக்கச் சொன்னதும் அதே ஜெராக்ஸ் தாள்தான். சரி, அசிடேட் பஃபரில் போட்டால் மணி நிற்குமா?

கைட்டோசான்_ரசிகை
நிற்கும். கொஞ்சம் கால்சியம் குளோரைடும் சேருங்கள், அமைலேஸுக்கும் அது வேண்டும். பெரியவருக்கு அப்புறம் வருகிறேன்.