உதவி: அரியமானில் நிற்கும் கேம்பர் வேனில் விடியற்காலை ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது

கேள்வி – மதுரைக்காரன்

வணக்கம். ஐப்பசி பிறந்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரமாகவே வேனில் போவது என்று கிளம்பினோம். வழியெல்லாம் அழகு. நாலு மழை விழுந்ததுமே புழுதியில் விதைத்த நெல் பச்சை கட்டியிருக்கிறது. காரங்காட்டு அலையாத்திக் காடு, தேவிபட்டினம் நவபாஷாணம் எல்லாம் பார்த்துவிட்டு, மூன்று நாளாக அரியமானில் சவுக்குத் தோப்போரம் நிற்கிறோம்.

பிரச்சினை இதுதான். இரவு மூன்று மணி வாக்கில் 12 வோல்ட் ஃபிரிட்ஜ் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. லைட்டும் மங்குகிறது. ஆனால் பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12.1 வோல்ட் இருக்கிறது. 100 ஆம்பியர் அவர் லெட் ஆசிட் பேட்டரி, 200 வாட் சோலார் பேனல், வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்தும் சார்ஜ் ஏறும். ஒரு மெக்கானிக், பேட்டரி போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்கிறார். அம்மாவின் இன்சுலின் உள்ளே இருப்பதால் பயமாக இருக்கிறது.

பதில் – உச்சிப்புளி

முதலில் இன்சுலின். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் பாட்டில் 30 டிகிரிக்குள் இருந்தால் சுமார் நாலு வாரம் வெளியே தாங்கும். மற்றதை ஐஸ் படாமல் சின்ன ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

அப்புறம், பேனலை விரலால் தேய்த்துப் பாருங்கள். அரியமான் வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம். இந்த மாதத்தில் வாடைக்காற்று கடலிலிருந்து நேராக வந்து அடிக்கும். ஏற்கெனவே மேகம், சவுக்கு நிழல் வேறு. மேலே உப்பும் படிந்தால் பேனல் என்ன கொடுக்கும்? நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பதில் – பாம்பன், விசைப்படகு எலெக்ட்ரீசியன்

தம்பி, பேட்டரிக்குக் காசு கொடுக்க வேண்டாம், பொறுங்கள். பேட்டரியில் 12.1 இருந்தும் ஃபிரிட்ஜ் நிற்கிறது என்றால் வழியில் எங்கோ வோல்ட் விழுகிறது. படகில் நான் தினமும் பார்ப்பது இதைத்தான். ஃபிரிட்ஜ் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், இன்னொன்றை வண்டி பாடியில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். 0.1, 0.2 என்றால் சரி. அதற்கு மேல் போனால் எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை வண்டி பாடியோடு சேர்க்கும் ஒயர் இணைப்பு, கெட்டிருக்கிறது.

மதுரைக்காரன்

அண்ணே, 0.9 காட்டுகிறது!

பாம்பன்

அதுதான். ஓடும்போதே 0.9 என்றால், கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் கரண்டுக்கு இன்னும் விழும். ஃபிரிட்ஜுக்குப் பத்தரை வோல்ட்தான் போய்ச் சேரும், அது நின்றுவிடும். ஆல்டர்னேட்டர் சார்ஜும் அதே எர்த் வழியாகத்தான் வருகிறது. அதனால்தான் பேட்டரி நிறையவே இல்லை. நிறைந்த பேட்டரி 12.6 காட்ட வேண்டும்.

எஞ்சினை நிறுத்திவிட்டு முதலில் பேனல் ஒயரைக் கழற்றுங்கள், பிறகு பேட்டரி நெகட்டிவ். பாடியில் எர்த் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மதுரைக்காரன்

கழற்றினேன். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வாஷருக்கு அடியில் பாசி போலப் பச்சைப் பொடி, சுற்றிலும் வெள்ளையாக உப்பு. ஒயர் முனையில் போல்ட்டுக்கு மாட்டும் வளையமான லக்கை லேசாக வளைத்தேன், ஒயர் பாதி கையோடு வந்துவிட்டது. உள்ளே செம்பு கறுத்திருக்கிறது.

பாம்பன்

கறுத்த ஒயரை வெட்டி எறியுங்கள், துடைத்தால் போகாது. வெள்ளீயம் பூசிய ஒயராக வாங்கிப் புது லக்கு அடியுங்கள். படகுச் சாமான் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தகரம் மினுங்கும் வரை தேயுங்கள். பல் வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். முதலிலேயே கிரீஸ் வைத்து மூடாதீர்கள்.

இன்னொன்று. இந்த மாதம் தென்கடல் பக்கம் போய்விடுங்கள். சேதுக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எல்லாம் மன்னார் வளைகுடாக் கரை. வாடை அங்கே தரைப் பக்கமிருந்து வரும், உப்புச் சாரல் குறைவு. தனுஷ்கோடிக்குப் போனால் பகலில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள், இரவு தங்க விடமாட்டார்கள். திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

மதுரைக்காரன் – இரண்டு நாள் கழித்து

புது ஒயர் போட்டாயிற்று. இப்போது 0.05. பாம்பன் பாலம் வழியாகத் தனுஷ்கோடி போய்த் திரும்பி, வாலிநோக்கம் வரை ஓட்டி வந்ததில் பேட்டரி 12.6-க்கு ஏறிவிட்டது. நேற்றிரவு நல்ல மழை. நான் தூங்கவில்லை, மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து கம்ப்ரசர் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. விடிந்ததும் அம்மா உப்பளத்துப் பக்கம் பார்த்தபடி டீ குடித்தார்கள். அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. திரும்பும்போது பாம்பனில் வந்து பார்க்கிறோம்.