பொது முகாமில் கூடாரம் அடித்துத் தங்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறைகள் யாவை?

அல்சூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் வசிக்கும் நாங்கள் மூன்று குடும்பத்தார், குழந்தைகளும் வயது முதிர்ந்த என் மாமியாரும் உட்பட, டிசம்பர் விடுமுறையில் கனகபுரா பக்கம் காவிரியை ஒட்டியுள்ள ஒரு தனியார் முகாமில் ஓர் இரவு தங்கத் திட்டமிட்டிருக்கிறோம். விடுதி அறைகளில் தங்கியே பழகிய எங்களுக்குக் கூடாரம் புதிது. அதே திடலில் முன்பின் அறிமுகமில்லாத பல குழுக்கள் எங்களுக்கு அருகிலேயே தங்கியிருக்கும் என்று முகாம் நடத்துபவர் சொன்னார். ஆனால் அவர் அனுப்பிய விதிமுறைகளில் அமைதி காக்கவும், குப்பை போடக் கூடாது என்பவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை.

எங்களுடன் வரும் ஒருவர் ப்ளூடூத் ஸ்பீக்கர் இல்லாமல் வரமாட்டேன் என்கிறார். இன்னொருவர் கோழியையும் மீனையும் மசாலா தடவி எடுத்து வந்து, அங்கேயே தீ மூட்டிச் சுட வேண்டும் என்கிறார். சூரிய உதயம் பார்க்க விடியுமுன் 4 மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பது இளையவர்களின் ஆசை. இவற்றில் எவை முறை, எவை பிறருக்குத் தொல்லை என்பதையும், பக்கத்துக் கூடாரத்தார் கூச்சலிட்டால் மனம் நோகாதபடி எப்படிச் சொல்வது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மலைநடை எழுதியது:

ஐயா, கூடாரத்தின் துணி பார்வையை மட்டுமே மறைக்கும். ஒலியை அது மறைக்காது. இந்த ஒன்றை உங்கள் குழுவினர் அனைவரும் மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கிவிடும். உள்ளே போய் ஜிப்பை இழுத்துவிட்டதும் வீட்டு அறைக்குள் வந்துவிட்டதைப் போல ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. கணவன் மனைவி வாக்குவாதமும், அலுவலக மேலாளரைப் பற்றிய புறணியும் அடுத்த கூடாரத்தில் படுத்திருப்பவர் காதில் ஒரு சொல் விடாமல் விழும். அதிலும் இரவில் தரை குளிர்ந்து, அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று நிற்கும்போது, மேலே போக வேண்டிய ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தொலைவு செல்லும். நீர்ப்பரப்பின் அருகே இது இன்னும் கூடுதல். பகலில் கேட்காத எதிர்க்கரைப் பேச்சு இரவில் தெளிவாகக் கேட்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே ஸ்பீக்கரை வீட்டிலேயே விட்டுவரச் சொல்லுங்கள். ஒலி மாசு விதிகள், 2000 என்பதன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது. அதைக் காட்டி 9.55 வரை அலற விடலாம் என்று வாதிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். சட்டம் சொல்லும் நேரம் வேறு, கைக்குழந்தையோடு வந்திருக்கும் பக்கத்துக் கூடாரத்தார் உறங்கும் நேரம் வேறு.

நீங்கள் 4 மணிக்குக் கிளம்புவதுதான் என்னைக் கேட்டால் ஸ்பீக்கரைவிடப் பெரிய சிக்கல், ஏனென்றால் அந்த நேரத்தில் எல்லோரும் ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பார்கள். பாலிதீன் உறைகளின் சரசரப்பு எவ்வளவு பெரிய ஓசை என்பது அப்போதுதான் தெரியும். எனவே மாற்றுத்துணி, தண்ணீர்ப் புட்டி, காலணி எல்லாவற்றையும் முந்தைய இரவே துணிப்பைகளில் எடுத்துவைத்து, பைகளைக் காரில் ஏற்றிவிடுங்கள். காரை மாலையிலேயே வெளியேறும் திசை நோக்கித் திருப்பி நிறுத்தினால், பின்னோக்கி எடுக்கும்போது முகப்பு விளக்கு கூடாரங்களின் மேல் பாயாது. ரிமோட்டை அழுத்தினால் கார் 'பீப்' என்று கத்தும் என்பதால் சாவியைக் கையால் திருகித் திறப்பது நல்லது. நெற்றியில் கட்டும் விளக்கைத் தரையைப் பார்க்கச் சாய்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஒளி வசதி இருந்தால் அதுவே போதும். யாரையாவது பார்த்துப் பேசும்போது அந்த விளக்கு நேராக அவர் கண்ணில் அடிக்கும் என்பதைப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை.

காவிரிக்கரை எழுதியது:

மலைநடை அவர்கள் ஒலியைப் பற்றி எழுதிவிட்டதால் தீயையும் தண்ணீரையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகத் தீ மூட்டுவதை நான் ஏற்கமாட்டேன். நமது பக்கத்து மலைகளும் ஆற்றங்கரைகளும் பெரும்பாலும் கருங்கல் பாறைகள். பாறையின் மேல் விறகை அடுக்கி எரித்தால் கரி அப்பிய கறை ஆண்டுக்கணக்கில் போகாது. சூட்டில் பாறை வெடித்துச் செதில் செதிலாகப் பெயர்வதும் உண்டு. பாறையைத் தீயிட்டு உடைப்பது கல்லுடைப்போரின் பழைய முறைதானே! முகாம்காரர் ஏற்கெனவே அமைத்திருக்கும் அடுப்பிலோ தீக்குழியிலோ சமையுங்கள். அது பொதுவானது என்றால், சுட்டு முடித்தவுடன் அடுத்தவருக்கு இடம் விடுங்கள். காற்று வீசும் திசையைப் பார்த்து, புகை எவர் கூடாரத்துக்குள் போகும் என்பதையும் கவனியுங்கள். சைவ உணவினர் அருகில் இருந்தால் கம்பிவலையை மாற்றி மாற்றிப் பயன்படுத்தாமல், உங்களுடையதைத் தனியாகக் கொண்டுவருவது நல்லது.

அணைக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். மண்ணைத் தள்ளி மூடினால் தீ அணைந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். அடியில் தணல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைக்கு அது மண்ணாகவே தெரியும். தண்ணீரை ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடியும் ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோனால் சூடே தெரியாத நிலை வரும்வரை விடக் கூடாது. குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரிலும் காடு பெருமளவு எரிந்தது. டிசம்பர் கடைசியில் புல் காயத் தொடங்கிவிடும்.

இறைச்சியையும் மீனையும் வீட்டிலேயே கழுவிச் சுத்தம் செய்து எடுத்து வாருங்கள். ஆற்றங்கரையில் கழுவி அந்த நீரை அங்கேயே கொட்டுவது அருவருப்பு மட்டுமன்று, ஆபத்தும்கூட. காவிரியில் முதலைகள் உண்டு. பாத்திரம் துலக்குவதும் குளிப்பதும் நீர்நிலையிலிருந்து சுமார் 60 மீட்டர், அதாவது பெரியவர் நடையில் ஏறத்தாழ எழுபது தப்படி தள்ளி நடக்க வேண்டும். மூலிகைச் சோப்பு என்றாலும் இதே தொலைவுதான்.

மிச்ச உணவை 'குரங்குக்குப் போகட்டும்' என்று வீசுவது தருமம் போலத் தோன்றும். அதற்குப் பழகிய குரங்கு மறுநாள் வருபவரின் கூடாரத்தைக் கிழித்து உள்ளே நுழையும். அங்கே காவிரி வனவிலங்கு சரணாலயம் அருகிலேயே இருக்கிறது. சரணாலயத்துக்குள் குப்பை போடுவதையும் விலங்குகளைச் சீண்டுவதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. எலும்பு உட்பட எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பெங்களூருக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஜாலஹள்ளி அம்மா எழுதியது:

மலைநடை தம்பி சொன்னதில் ஒன்றில் மட்டும் நான் வேறுபடுகிறேன். ஸ்பீக்கர் வேண்டாம் என்பது சரி. ஆனால் குழந்தைகள் இரவு எட்டு மணிக்கு அந்தாக்ஷரி பாடினால்கூட 'உஷ்' என்று அதட்டும் பெரியவர்களும் முகாம்களில் இருக்கிறார்கள். சாப்பாட்டு நேரம் முடியும்வரை மனிதக் குரலில் பாட்டும் சிரிப்பும் இருப்பதில் குற்றமில்லை. அதைக்கூடப் பொறுக்க முடியாதவர்கள் தனி வீடு எடுத்துத் தங்க வேண்டியதுதான்.

பக்கத்தாரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். தொல்லை தொடங்கிய பின் முதல் முறையாகப் போய் நின்றால் அது சண்டையில்தான் முடியும். மாலையில் கூடாரம் அடித்தவுடனே, இருட்டுவதற்கு முன், இரண்டு பக்கத்தாரிடமும் போய் அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்கோ தட்டையோ கொடுத்து, 'எங்களோடு வயதானவர் இருக்கிறார், விடியுமுன் சிலர் கிளம்புவார்கள், சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று முதலில் உங்கள் பக்கத்துக் குறையைச் சொல்லிவிட வேண்டும். அதன் பின் இரவில் அவர்கள் கூச்சலிட்டாலும், 'ஸ்வல்ப சவுண்ட் கம்மி மாடி' (கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கள்) என்று கன்னடத்தில் சிரித்தபடி சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். மது அருந்தியவர் குழுவாக இருந்தால் நேரில் போகாமல் முகாம் ஆளிடம் சொல்லுங்கள், அது அவருடைய பொறுப்பு.

அடுத்தவர் கூடாரத்தின் முன்னால் குறுக்கு வழியாகப் போகாமல் சுற்றிப் போகும்படி குழந்தைகளுக்குச் சொல்லிவையுங்கள். கூடாரத்தை இழுத்துக் கட்டிய கயிறுகள் இருட்டில் தெரியாமல் தடுக்கி விழுவதும் இதனால்தான் நேர்கிறது. முளைகளில் வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டால் நல்லது. புகைபிடிப்பவர் இருந்தால் அவரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கனகபுரா, ராமநகரம் பக்கமெல்லாம் பட்டுப்புழு வளர்க்கும் ஊர்கள், முகாமின் வேலிக்கு அந்தப் பக்கம் மல்பெரித் தோட்டம் இருக்கக்கூடும். புகையிலையின் நிகோட்டின் பட்டுப்புழுவுக்கு நஞ்சு. நாம் வீசும் ஒரு துண்டு சிகரெட் அந்த விவசாயியின் பிழைப்பில் போய் விழலாம்.

அல்சூர்வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஸ்பீக்கர் விஷயத்தை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டோம். கோழியை மசாலாவோடு டப்பாவில் எடுத்துப்போகிறோம். இன்னும் ஒரு ஐயம். இரவில் மாமியார் கழிப்பறைக்குப் போக அடிக்கடி எழுவார். கழிப்பறைக்கு மிக அருகில் கூடாரம் அடித்தால் அவருக்கு வசதி, ஆனால் இரவு முழுவதும் ஆள் நடமாட்டமும் கதவுச் சத்தமும் இருக்குமே?

ஜாலஹள்ளி அம்மா எழுதியது:

ஒட்டி அடிக்க வேண்டாம், நடைபாதையை ஒட்டிய மூன்றாவது நான்காவது இடத்தைக் கேளுங்கள். அவர் படுக்கும் கூடாரத்தின் வாசல் பாதையைப் பார்த்திருந்தால் பிறர் கூடாரங்களைக் கடக்காமலே போய்வரலாம். முன்பதிவின்போதே வயதானவர் வருகிறார் என்று சொல்லிவிட்டால் முகாம்காரர் பெரும்பாலும் ஒதுக்கித் தருவார். இரவில் துணைக்குப் போகிறவர், அவர் கழிப்பறையிலிருந்து வரும்வரை வெளியே நின்று போனில் பேசாமல் இருந்தால் போதும்.