என் மியாட்டாவின் கேம் கவரும் ஒரு சிட்டிகை மணலும்

(ஸ்காபரோவிலிருந்து)

என்னிடம் இருப்பது 1991 மாடல் மாஸ்டா மியாட்டா, 1.6 லிட்டர் எஞ்சின். குளிர்காலம் வந்தால் டொராண்டோ ரோடுகளில் உப்புக் கொட்டுவார்கள். பழைய காருக்கு அந்த உப்புத்தான் எமன். அதனால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கார் கராஜை விட்டு வெளியே வராது. போன இரண்டு குளிர்காலத்தையும் அதன் எஞ்சின் அறையை அழகுபடுத்துவதிலேயே கழித்தேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

அலங்காரத்துக்கு மியாட்டா ரொம்பத் தோதான கார். பாட்டரி டிக்கியில் இருக்கிறது, அதனால் முன்னால் கை நுழைய இடம் உண்டு. இப்போதைய கார்களைப் போல எஞ்சினைப் பிளாஸ்டிக் மூடி போட்டு மறைக்கவில்லை. அறுபதுகளின் லோட்டஸ் எலான் போன்ற ஆங்கிலேய ரோட்ஸ்டர்களை (கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் கார்களை) மனதில் வைத்து, 1989 இல் சிகாகோவில் காட்சிக்கு வைத்த கார் அல்லவா? எஞ்சினும் அந்தக் காலத்து இரட்டை கேம் எஞ்சின் மாதிரியே தெரிய வேண்டும் என்று கேம் கவரை (எஞ்சினின் மேலே, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளை மூடியிருக்கும் மூடியை) அலுமினியத்தில் அழகாக வார்த்திருக்கிறார்கள். பானட்டைத் திறந்தால் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான். என்னுடையது முப்பது வருட எண்ணெய்க் கசடு படிந்து பிளேன் டீ நிறத்துக்கு வந்திருந்தது.

முதலில் கழுவல். காற்றளவு மீட்டர், இக்னிஷன் காயில், கனெக்டர்கள் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் பை கட்டிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டிகிரீசர் அடித்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பிரஷர் வாஷர் பக்கமே போகாதீர்கள். ஸ்பார்க் பிளக் குழிகளுக்குள் தண்ணீர் நின்றால் அப்புறம் எஞ்சின் முடக்கி முடக்கி ஓடும்.

கழுவிய இரண்டாம் நாள் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தபோது, பின்பக்கம் தீச்சுவரை (எஞ்சின் அறைக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே உள்ள தகட்டை) ஒட்டி ஒரு புது ஈரம். கேம் தண்டு சுழலும் நிலையைச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கசிகிறது. இந்த எஞ்சினில் எல்லாரும் சொல்லும் வியாதிதான், ஆனால் அத்தனை வருடம் அழுக்கே அதை மறைத்து வைத்திருந்தது. அந்த எண்ணெய் கீழே இருக்கும் ஹீட்டர் ஹோஸ்களில் சொட்டிச் சொட்டி, ஒன்று ஊதி, அமுக்கினால் களி மாதிரி இருந்தது. கோடையில் நெடுந்தூரம் போகும் வழியில் அது வெடித்திருந்தால் கூலண்ட் முழுவதும் ரோட்டில்தான். ஓ-ரிங் சில டாலர்தான். சென்சாரைக் கழற்றும் முன் அது உட்கார்ந்திருக்கும் கோணத்தை ஒரு வெள்ளைக் கோட்டால் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இக்னிஷன் டைமிங் மாறிவிடும்.

இனி கேம் கவர். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

கவரைக் கழற்றி, பழைய அழுக்கு போக மணல் வீச்சு (காற்றழுத்தத்தில் மணலை வீசித் தேய்ப்பது) செய்யும் ஒரு கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது புதுப் பால் சொம்பு மாதிரி வெளுத்திருந்தது. அன்று இரவே பெயிண்ட் அடிக்கும் அவசரம் எனக்கு. கையில் தூக்கிக்கொண்டு நிலவறைப் படியில் இறங்கும்போது உள்ளேயிருந்து சரசரவென்று ஒரு மெல்லிய சத்தம். செய்தித்தாளை விரித்து, கவரைக் கவிழ்த்து, ரப்பர் சுத்தியலால் தட்டினேன். ஒரு சிட்டிகை மணல் விழுந்தது. இன்னொரு தட்டு, இன்னும் கொஞ்சம்.

கவரின் உட்பக்கத்தில் எண்ணெய்த் தெறிப்பைத் தடுக்க ஒரு தகடு திருகியிருக்கிறது. வீசிய மணல் அந்தத் தகட்டுக்கும் கவருக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது. வெளியே எத்தனை தடவை கழுவினாலும் அது போகாது. அப்படியே பூட்டியிருந்தால், எஞ்சின் சூட்டில் எண்ணெய் அதை அடித்து எடுத்துக்கொண்டு கேம், பேரிங் எல்லாவற்றுக்கும் போயிருக்கும். கடைக்காரர் தகட்டைக் கழற்றச் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

திருகுகள் லேசில் வரவில்லை. இம்பாக்ட் டிரைவரில் மற்றவை வந்துவிட்டன, ஒன்றின் தலை வழுக்கிவிட்டது, துளை போட்டுத்தான் எடுத்தேன். தகட்டுக்கு அடியில் மூலைகளில் பழைய எண்ணெயோடு மணல் குழைந்து, ஈர மாவு அப்பினாற்போல ஒட்டியிருந்தது. வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு மூன்று முறை கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் ஒரு பொட்டும் ஒட்டாத பிறகே நிறுத்தினேன். தகட்டைத் திரும்பப் பூட்டும்போது திருகுகளுக்குத் திரெட் லாக்கர் (கழன்று வராமல் பிடிக்கும் பசை) கட்டாயம். ஒரு திருகு கழன்று கேம் மேல் விழுந்தால் கதை முடிந்தது.

பெயிண்ட் கருப்பு, சுருக்கம் விழும் வகை. ஒரு பூச்சு நெடுக்காக, ஐந்து நிமிடம் விட்டு இன்னொன்று குறுக்காக, மூன்றாவது கோணலாக. மெல்லியதாக அடித்தால் சுருங்காது, தடிமனாகத்தான் அடிக்க வேண்டும். குளிர்ந்த கராஜில் இது நடக்காது என்பதால் நிலவறையில் ஜன்னலைத் திறந்து வைத்து அடித்தேன். வீடு முழுக்க வாசனை, அம்மா இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து மெல்ல நகர்த்தும்போது, பளபளவென்று இருந்த கருப்பு ஓரத்திலிருந்து நெளிந்து நெளிந்து, காய்ச்சிய பாலில் ஆடை கட்டுவதுபோல் சுருங்கிக்கொண்டே வருமே, அதைப் பார்க்கவாவது ஒருமுறை செய்யலாம். முழுதாகக் காய்ந்தபின், மேலெழுந்த வரிகளை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து அலுமினியத்தை வெளியே கொண்டுவந்தேன். கவரை வெறும் அலுமினியமாகவே விட வேண்டும் என்பவர்கள் பலர். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதனால்தான் வரிகளையாவது விட்டுவைத்தேன்.

பூட்டும்போது இரண்டு விஷயம். கேம் தண்டைப் பிடித்திருக்கும் சின்ன மூடிகளின் வளைவு முடியும் மூலைகளில் சிலிகான் சீலண்ட் ஒரு பொட்டு வைக்காவிட்டால் அங்கேதான் கசியும். போல்ட்டுகளுக்கு 5 முதல் 9 நியூட்டன் மீட்டர் போதும். இறுக்கும் அளவைக் காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். கைக்கணக்கில் இறுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

(கோயம்புத்தூரிலிருந்து)

அண்ணா, அந்த மணல் விஷயத்துக்கு ரொம்ப நன்றி. நானும் அடுத்த மாதம் கவரை மணல் வீச்சுக்குத்தான் கொடுப்பதாக இருந்தேன்.

என்னுடையது சான் ஸ்டார்ம். கோவாவில் செய்த இரண்டு இருக்கை ஃபைபர் பாடி கார், ரெனோவின் 1.2 லிட்டர் எஞ்சின். எங்கள் ஊரில் உப்பு இல்லை, எலி உண்டு. எஞ்சின் அறை ஒயர்களை ஒரு வாரம் உட்கார்ந்து பிரித்து, அடுக்கி, புதுச் சுற்று போட்டேன். பத்தாம் நாள் காலை ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஒயர் இரண்டையும் எலி கத்தரித்த மாதிரி கடித்துப் போட்டிருந்தது. இப்போது இரவில் பானட்டைத் திறந்தே வைத்து உள்ளே ஒரு விளக்கு எரியவிடுகிறேன். கீழ்ப்பக்கத் திறப்புகளுக்குக் கம்பி வலை அடித்தேன். அதன் பிறகு வரவில்லை.

ஒயர் சுற்றுவதற்குச் சாதாரண பிவிசி டேப் வேண்டாம். நம் ஊர் வெயிலில் ஒரு கோடை தாண்டினால் பசை இளகி, கையெல்லாம் பிசுபிசுக்கும். எஞ்சின் அறைக்கென்று துணி டேப் வருகிறது, அதுதான் நிற்கும்.

(கிள்ளானிலிருந்து)

நான் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ என்ற மலேசியக் கார் வைத்திருக்கிறேன். அழகுக்காக எல்லா ஹோஸையும் சிவப்பு சிலிகானுக்கு மாற்றினேன். கூலண்ட் ஹோஸ்கள் இன்றுவரை அருமையாக இருக்கின்றன. ஆனால் கேம் கவரிலிருந்து எண்ணெய் ஆவி போகும் பிரீதர் ஹோஸ் ஒரு வருடத்தில் வெளியே வியர்த்து, பஞ்சு மாதிரி ஆனது. சாதாரண சிலிகானுக்கு எண்ணெயும் பெட்ரோலும் ஆகாது. அந்த இரண்டு இடத்திலும் அதற்கென்று உள்ள ரப்பர்தான் போட வேண்டும். பெட்ரோல் ஹோஸில் நிறம் பார்க்கவே கூடாது, தீப்பிடிக்கும் காரியம். தயவுசெய்து கேளுங்கள்.

(மறுபடி ஸ்காபரோவிலிருந்து)

கிள்ளான் அண்ணை சொன்னதைப் படித்துவிட்டு இப்போதுதான் கராஜுக்குப் போய் வந்தேன். என் பிரீதர் ஹோஸும் நீல சிலிகான்தான். விரலால் தடவினால் எண்ணெய் ஒட்டுகிறது. நாளைக்கே மாற்றிவிடுகிறேன். கோயம்புத்தூர் தம்பி, தகட்டுத் திருகுகள் வராவிட்டால் முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். மணல் வீச்சுக்குக் கொடுக்காமல், பெயிண்ட் நீக்கியும் பித்தளை பிரஷ்ஷும் வைத்து வீட்டிலேயே ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம். அடுத்த கவருக்கு நானும் அப்படித்தான் செய்யப் போகிறேன்.