நேரலையில் சபையாரின் பாட்டு கேட்கவில்லை: ஆலோசனை தேவை

கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டக் கிராமச் சபை ஒன்றில், ஞாயிறு ஆராதனையை நேரலையாக அனுப்பும் பணியை வாலிபர் சங்கத்தினர் சிலர் ஊதியமின்றிச் செய்துவருகிறோம். நேரலைக்குப் பயன்படுத்தும் ஓபிஎஸ் (OBS) இலவச மென்பொருள் என்பதால் அதற்குச் செலவில்லை, சிக்கல் ஒலியில்தான்.

மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சரில், ஆலயத்து ஒலிபெருக்கிகளுக்காகச் சமன்செய்த முதன்மை வெளியீட்டையே கணினிக்கும் கொடுப்பதால், பிரசங்கம் தெளிவாக வருகிறதே தவிர, மைக் இல்லாமலே ஆலயத்தை நிறைக்கும் பாடகர் குழுவின் குரலும் சபையாரின் பாட்டும் நேரலையில் கேட்பதேயில்லை. வீட்டிலிருந்து பார்க்கும் முதியோருக்கோ அந்தப் பாட்டுத்தான் பெரிது (பிரசங்கத்தைவிட என்று சொன்னால் போதகர் ஐயா வருந்துவார்).

சபையை நோக்கி இரண்டு கண்டென்சர் மைக்குகள் (மெல்லிய ஒலியையும் பிடிப்பவை) வைத்து, ஊளையிடாதபடி அவற்றை ஒலிபெருக்கிக்கு அனுப்பாமல், ஆக்ஸ் (மிக்சரின் துணை வெளியீடு) வழியாக நேரலைக்கு மட்டும் தனிக் கலவையாகக் கொடுக்கலாம் என்று எண்ணுகிறோம். ஆனால் எங்கள் மிக்சரில் உள்ள ஒரே ஆக்ஸ் பாடகர்களின் மானிட்டருக்கு (பாடுவோர் கேட்பதற்கான ஒலிபெருக்கி) போகிறது. மிக்சரை மாற்றாமல் வழியுண்டா, அல்லது மைக்குகளைத் தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) மூலம் கணினியில் சேர்ப்பது நல்லதா?

மேலும், 1864இல் மறைந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனையை நாங்களே பாடியும் தானியங்கிப் பதிப்புரிமைக் கோரிக்கை வருகிறது. ஆட்சேபத்தில் என்ன எழுதினால் ஏற்கப்படுகிறது என்பதை அனுபவமுள்ளோர் தெரிவிக்க வேண்டுகிறோம்.