ஹைராம் ஊர் வாத்தியார் கர்னல் ஆன கதை: எங்கள் குடும்பக் குழுவில்

யாழினி: பெரியப்பா, பின்னாடி அமெரிக்க ஜனாதிபதியான ஜேம்ஸ் கார்ஃபீல்டு 1861ல, உள்நாட்டுப் போர்ல வடக்குப் படைக்குப் போனப்ப ராணுவப் பயிற்சியே கிடையாதாமே. ஹைராம்னு சின்ன ஊர்ல வாத்தியார், ஒஹையோ மாநில செனட்டர், அவ்வளவுதான். அவர் கைல ஒரு ரெஜிமெண்டையே, அவ்வளவு பெரிய படைப்பிரிவை, எப்படிக் குடுத்தாங்க?

பெரியப்பா: அப்போ நடைமுறையே அதுதான்மா. போர் தொடங்கினப்ப அமெரிக்க நிரந்தரப் படை மொத்தமே 16,000 பேர் சொச்சம். மத்ததெல்லாம் தன்னார்வப் படை. மாநில ஆளுநர்தான் திரட்டணும், அதிகாரிகளுக்கு நியமன உத்தரவும் அவர்தான் தருவார். யாரை நம்பி ஊர்ப் பையன்கள் பின்னால வருவாங்களோ அவராலதான் ஆள் சேர்க்க முடியும். கார்ஃபீல்டு, பின்னாடி ஹைராம் கல்லூரி ஆன கல்வி நிலையத்துக்கு முதல்வர், பிரசங்கமும் பண்ணுவார். அவரோட 42ஆம் ஒஹையோ ரெஜிமெண்டுல ஏ கம்பெனிங்கிற உட்பிரிவுல பெரும்பாலும் அவர் மாணவர்கள்தான்.

சித்தப்பா: அண்ணே, அதுக்கு முன்னாடி ஒரு தோல்வி இருக்கே. 7ஆம் ஒஹையோ ரெஜிமெண்டுக்குக் கர்னல், அதாவது தலைவர், ஆக நின்னு, ஓட்டெடுப்புல எராஸ்டஸ் டைலர்கிட்ட தோத்தார்.

கவின்: ராணுவத்துல ஓட்டெடுப்பா சித்தப்பா??

சித்தப்பா: ஆமாடா. பல ரெஜிமெண்டுல கேப்டன், லெப்டினன்டைக்கூட சிப்பாய்களே தேர்ந்தெடுத்தாங்க. சிக்கல் அங்கதான் ஆரம்பம். பக்கத்து வீட்டுப் பையன் காவல்ல தூங்கிட்டான்னு தண்டிக்கணும், ஆனா ஓட்டுப் போட்டவனே அவன்தான். போர் முடிஞ்சா ரெண்டு பேரும் அதே ஊருக்குத்தான் திரும்பணும். அதனாலதான் 1861 ஜூலை 22 சட்டத்துல தேர்வுக்குழு வச்சு, தகுதியில்லாத அதிகாரியை வெளியே அனுப்ப வழி பண்ணாங்க.

கவின்: ஒரு ரெஜிமெண்டுக்கு எத்தனை பேர்?

பெரியப்பா: 10 கம்பெனி. கம்பெனிக்குக் குறைஞ்சது 83, அதிகபட்சம் 101. ஏ முதல் கே வரைக்கும் எழுத்து வைப்பாங்க, ஜே மட்டும் கிடையாது. கையெழுத்துல ஐ மாதிரியே இருக்கும், உத்தரவு தப்பான கம்பெனிக்குப் போயிடும். மேல கர்னல், லெப்டினன்ட் கர்னல், மேஜர். கார்ஃபீல்டு ஆகஸ்ட்ல லெப்டினன்ட் கர்னலா சேர்ந்து நவம்பர்லதான் கர்னல் ஆனார். பயிற்சி கொலம்பஸ் பக்கத்துல கேம்ப் சேஸ்ல.

யாழினி: மரக்கட்டையை வச்சுப் படைப்பயிற்சி கத்துக்கிட்டாராமே, அது உண்மையா?

பெரியப்பா: உண்மைதான். அவர்கிட்ட எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதுதான். சின்னச் சின்ன மரத்துண்டு செஞ்சு, இது கம்பெனி, இது அதிகாரின்னு மேசைல அடுக்கி, ஹார்டி எழுதின படைப்பயிற்சி நூலைப் பக்கத்துல வச்சு முதல்ல தான் கத்துக்கிட்டார், அப்புறம் அதையே வச்சு மத்த அதிகாரிகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்.
மைதானத்துல புரியாதது மேசைல புரியும். கம்பெனிகள் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரும்போது, ஒரு கம்பெனியோட முன்வரிசைல இருந்து அடுத்த கம்பெனியோட முன்வரிசை வரைக்கும் உள்ள தூரம், கம்பெனியோட அகலத்துக்குச் சமமா இருக்கணும். அப்பதான் எல்லாக் கம்பெனியும் ஒரே நேரத்துல கதவு மாதிரி திரும்பினா நேர்வரிசை அமையும். தூரம் கூடினா வரிசைல ஓட்டை விழும், குறைஞ்சா ஆள் மேல ஆள் இடிச்சு சுடக்கூட இடம் இருக்காது.

சித்தப்பா: நடக்கும்போது எடுத்து வைக்கிற எட்டுக்கும் கணக்கு உண்டு. சாதா நடை நிமிஷத்துக்கு 90 எட்டு, ஒரு எட்டு 28 அங்குலம். விரைநடை 110. ஓட்டநடை 165, எட்டு 33 அங்குலம். முன்னால போறவங்க எட்டைக் குறைச்சாலே போதும், அண்ணன் சொன்ன தூரம் கெட்டுடும்.

யாழினி: அப்புறம் மிடில் கிரீக் சண்டை, 1862 ஜனவரி 10. ஜெயிச்சார் இல்ல?

பெரியப்பா: கென்டக்கில தெற்குப் படைத் தளபதி ஹம்ஃப்ரி மார்ஷலோட படை பின்வாங்கிடுச்சு. 30 வயசுல பிரிகேடியர் ஜெனரல் பதவி.

சித்தப்பா: அந்தச் சண்டையைக் கொஞ்சம் அதிகமாப் புகழ்றாங்கன்னு நினைக்கிறேன். மார்ஷல்கிட்ட சாப்பாடே இல்ல, எப்படியும் போயிருப்பார். கார்ஃபீல்டு திறமை அதுக்கப்புறம்தான் தெரிஞ்சது. பிக் சாண்டி ஆத்துல வெள்ளம், மேல இருக்கிற படைக்கு உணவு தீருது, நீராவிப் படகோட்டி போக மாட்டேங்கிறார். இவர் சின்ன வயசுல கால்வாய்ப் படகுல வேலை பார்த்தவர். தானே சுக்கானைப் பிடிச்சு சாமான் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவ்வளவு பண்ணியும் முகாம்ல காய்ச்சல் வந்து பசங்க செத்தாங்க. 42ஆம் ஒஹையோவுல குண்டடியில போனவங்களை விட நோய்ல போனவங்கதான் அதிகம்.

கவின்: சிக்கமாகா சண்டைல வடக்குப் படை வரிசைல ஓட்டை விழுந்ததுக்கு இவர் எழுதின உத்தரவுதான் காரணமா?

பெரியப்பா: இல்லப்பா. 1863 செப்டம்பர் 20. இவர் அப்போ வடக்குப் படைத் தளபதி ரோஸ்க்ரான்ஸோட உதவி அதிகாரிகளுக்குத் தலைவர் (சீஃப் ஆஃப் ஸ்டாஃப்). அன்னிக்கு மத்த உத்தரவுகள்ல பெரும்பாலானதை எழுதினவர் இவர்தான், அந்த ஒண்ணை எழுதினது வேற உதவி அதிகாரி. ரெனால்ட்ஸ், வுட், பிரானன் மூணு பேருமே வடக்குப் படைப்பிரிவுத் தளபதிகள். ரெனால்ட்ஸ் பக்கம் நெருங்கி உதவி பண்ணுன்னு வுட்டுக்கு எழுதிட்டாங்க. ஆனா நடுவுல பிரானன் படை நின்னுச்சு, நெருங்க வழியில்ல. வுட் தன் படையை வரிசைல இருந்தே வெளியே எடுத்தார், தெற்குப் படைத் தளபதி லாங்ஸ்ட்ரீட் அந்த இடைவெளி வழியாப் புகுந்துட்டார். ரோஸ்க்ரான்ஸ் பின்வாங்கி சட்டனூகா ஊருக்குப் போக, கார்ஃபீல்டு இன்னொரு வடக்குத் தளபதி தாமஸ் நின்ன இடத்துக்குக் குதிரைல போனார்.

யாழினி: ஆனா 1862 அக்டோபர்லயே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு ஜெயிச்சுட்டாரே. ரெண்டு பதவியும் ஒண்ணா வச்சிருந்தாரா?

சித்தப்பா: அப்போ ஜெயிச்சாலும் அவை கூட ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். இவர் தேர்வான காங்கிரஸ் கூடினது 1863 டிசம்பர் 7. அரசாங்கப் பதவில இருக்கிறவர் அவை உறுப்பினரா இருக்கக் கூடாதுன்னு அரசியலமைப்புலயே இருக்கு. அதனால டிசம்பர் 5ல மேஜர் ஜெனரல் பதவியை விட்டுட்டார். மிசௌரி மாநிலத்து ஜெனரல் ஃபிராங்க் பிளேர் படைப் பதவியை ராஜினாமா பண்ணி அவைல உக்காந்துட்டு மறுபடி படைக்குப் போனார். அதுல 1864ல பெரிய தகராறே நடந்துச்சு.